நூற்று இருபத்திரண்டு நாக்குகள்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. பழைய கால் ஆர்கன் ஒன்று வீட்டுக்கு வந்ததும் திருப்புளியைத் தேடிப் போகிறவர் பிறகு வருந்துவார். முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம்.

எனக்கு வந்தது, பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க் கோயிலில் மின்னணுக் கீபோர்டு வந்த பிறகு ஓரங்கட்டப்பட்டு, பழைய பாய்களைத் தாங்கி நின்ற பெட்டி. நாலடி அகலம், இரண்டடி ஆழம், நாலடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். வாசிப்பவர் சபையைப் பார்த்தபடி அமர்வதற்காகப் பின்பலகையையும் முன்பலகையைப் போலவே இழைத்து, சட்டம் அடித்து முடித்திருந்தார்கள். பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. நான்கு பேர் தூக்கி வந்து தாழ்வாரத்து அறையில் வைத்தார்கள்.

நம் ஊர் ஆர்மோனியம் காற்றை ஊதும். அமெரிக்க வகைக் கால் ஆர்கன் காற்றை உறிஞ்சும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் எல்லாமே விளங்கிவிடும். மிதியை அழுத்தினால் சிறு துருத்தி ஒன்று விரிந்து, பின்னால் உள்ள பெரிய துருத்தியிலிருந்து காற்றை இழுக்கிறது. மிதியை விட்டால் சிறு துருத்தி ஒடுங்கி, இழுத்த காற்றை வெளியே தள்ளுகிறது. மிதிகள் இரண்டு, ஆகவே சிறு துருத்திகளும் இரண்டு. ஒன்று இழுக்கும்போது மற்றது வெளியேற்றும். பெரிய துருத்தி ஒடுங்க ஒடுங்க அதற்குள் வெற்றிடம் உண்டாகிறது. கட்டையை அழுத்தினால் அடியில் ஒரு வால்வு திறக்கும். அறையின் காற்று ரீடின் வழியாக உள்ளே பாயும். பித்தளை நாக்கு அதிரும். இவ்வளவுதான் இயந்திரம். வெர்மான்ட் மாநிலத்துப் பிராட்டில்பரோவில் இருந்த எஸ்டி ஆலை ஒன்றே 1960இல் மூடப்படும் வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்து அனுப்பியது. அவ்வளவு பெருவாரியாகச் செய்யப்பட்ட பொருள் என்பதால் உள்ளமைப்பு ஆலைக்கு ஆலை பெரிதாக மாறாது. ஒன்றைத் திறக்கத் தெரிந்தவர் மற்றதையும் திறப்பார்.

நோட்டில் 61 வரிகள் போட்டுக்கொண்டேன். வெள்ளைக் கட்டை 36, கறுப்பு 25. ரீடு வரிசைகளைத் திறக்கும் ஸ்டாப் குமிழ்களை ஒவ்வொன்றாக இழுத்து, ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, எது பேசுகிறது, எது ஊமை, எது அழுத்தாமலே முனகுகிறது, எது அழுத்திய பின் மேலெழ மறுக்கிறது என்று குறித்தேன். மிதிகளில் ஒன்றின் நாடா அறுந்திருந்ததால் ஒற்றைக் காலில் மிதித்துத்தான் இந்தக் கணக்கெடுப்பு நடந்தது. ஊமைகள் 34, முனகல்கள் 5, எழாத கட்டைகள் 8. கடைசியாகக் காற்றுச் சோதனை. எல்லா ஸ்டாப்புகளையும் உள்ளே தள்ளி, மிதித்துப் பெரிய துருத்தியை ஒடுக்கி, காலை எடுத்தவுடன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். துருத்தி மீண்டும் முழுதாக விரிய எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அதுவே ஆர்கனின் உடல்நிலை. என் பெட்டிக்கு 3 விநாடி. அந்த எண்ணைப் பக்கத்தின் தலையில் எழுதி வட்டமிட்டு வைத்தேன்.

பிறகு திறப்பு. பழைய திருகாணிகளின் தலையில் உள்ள பள்ளம் குறுகலானது. இக்காலத் திருப்புளியின் நுனி அதற்குத் தடிப்பு. நுனியை அரத்தில் தேய்த்துப் பள்ளத்தில் அடிவரை உட்காரும்படி செய்துகொண்டால்தான் தலை சிதையாது. அசையாத திருகாணியின் தலையில் சூடான சால்டரிங் இரும்பை ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டுத் திருப்பினால் பெரும்பாலும் இளகிவிடும். கழற்றிய திருகாணிகளை டப்பாவில் போடக் கூடாது. ஓர் அட்டையில் ஆர்கனின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். நான்கு அட்டைகள் நிரம்பின.

பின்பலகை, மேல்மூடி, ஸ்டாப் பலகை, கட்டைகளுக்கு முன்னுள்ள சட்டம் என்ற வரிசையில் எல்லாம் வந்துவிடுகின்றன. ஸ்டாப் குமிழ்களிலிருந்து பின்னோக்கிப் போகும் நெம்புகோல்களையும் கம்பிகளையும் கழற்றும் முன் மூன்று கோணங்களில் படம் எடுத்துக்கொண்டேன். அடுத்து கட்டைகளும் ரீடுப் பலகையும் சேர்ந்த மேற்பகுதி. முன்னால் ஆறு, பின்னால் நான்கு திருகாணிகள் அதைத் துருத்தியின் மேற்பலகையோடு இறுக்கிப் பிடித்திருந்தன. அவற்றை எடுத்ததும் இருவர் இருபுறமும் பிடித்து நேராக மேலே தூக்கினால் முழுப்பகுதியும் ஒரே தொகுதியாக வந்துவிடும். அதன் இடது ஓரத்திலும், கீழே துருத்திப் பலகையிலும், வெளிப்பெட்டியின் உட்சுவரிலும் ஒரே எண் அச்சாகக் குத்தப்பட்டிருந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று பிறந்தவை என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் இதைப் பிரிப்பார், பிரித்ததைக் கலக்காமல் பூட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணிச் செய்தவர்களின் வேலை இது.

உள்ளே எலிக் கூடு ஒன்று, பனையோலைத் துணுக்குகளும் கிழிந்த பாட்டுத்தாளும் கம்பளியும் கலந்து கட்டியது. கம்பளி எங்கிருந்து வந்தது என்பது பிறகு தெரிந்தது: கட்டைகளுக்கு அடியில் இருக்க வேண்டிய ஃபெல்ட் பட்டை பாதி இல்லை. ஒரு கொண்டை ஊசி, இரண்டு பென்சில் துண்டுகள், காலணா ஒன்று. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மென்மையான பெயின்ட் பிரஷ் ஒரு கையிலும் வாக்கம் கிளீனரின் குழாய் மறு கையிலுமாக இரண்டு முற்பகல்கள் போயின. ஈரத்துணி உள்ளே நுழையவே கூடாது. கறையான் இல்லை. வால்நட் மரத்தில் வெளியே இரண்டு வெடிப்புகள் தவிரப் பெட்டி உறுதியாகவே இருந்தது.

இப்போது துருத்திகள். ஆர்கனின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது.

பழைய ரப்பர் துணி தொட்ட இடத்தில் பொருக்காக உதிர்ந்தது. ஆனாலும் அதைக் கிழித்து எறிந்துவிடக் கூடாது. புதுத் துணி வெட்ட அதுவே மாதிரி. முதலில் துருத்தியின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தேன்: பெரியது 7 அங்குலம், சிறியவை ஒவ்வொன்றும் 5 அங்குலம். பெரிய துருத்தியின் உள்ளே அதை விரித்தே வைத்திருக்கும் உருக்கு வில்கள் இரண்டு இருக்கின்றன. துணியை அறுத்தவுடன் இவை துள்ளி முகத்தில் அடிக்கக்கூடியவை. எனவே முதலில் ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, உள்ளே கைவிட்டு, வில்லின் இரு கைகளையும் தடித்த நூல்கயிற்றால் இறுகக் கட்டிவிட்டுத்தான் மீதித் துணியை எடுத்தேன். வில் நின்ற இடங்களைப் பலகையில் பென்சிலால் வரைந்துகொண்டேன்.

துணியை மரத்தோடு ஒட்டியிருந்தது வச்சிரம். தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையைத் தச்சாசாரிகள் இன்றும் அறிவார்கள், பலர் கைவிட்டிருந்தாலும். வெந்நீரில் நனைத்த துணியை விளிம்பில் போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால் ஆவி இறங்கிப் பசை கூழாகும். அகலமான மழுங்கிய உளியால் தள்ளினால் மரத்துக்குச் சேதமின்றித் துணி உரிந்து வரும். ஒரு மூலையில் மட்டும் எப்போதோ யாரோ பழுது பார்க்கிறேன் என்று வெள்ளைப் பசையைத் தடவியிருந்தார்கள். அது வெந்நீருக்கும் இளகவில்லை, ஆவிக்கும் இளகவில்லை. அந்த ஆறு அங்குலத்தைச் சுரண்டி உப்புத்தாள் போடுவதற்கு, மீதி விளிம்பு முழுவதற்கும் ஆன நேரம் ஆனது. அப்போதே முடிவு செய்துகொண்டேன், இந்தப் பெட்டிக்குள் வச்சிரம் தவிர வேறு பசை போகாது என்று.

துணியில் நான் ஒரு தவறு செய்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும் நோயாளிப் படுக்கைக்கான ரப்பர் விரிப்பை வாங்கி வந்து ஒரு சிறு துருத்திக்கு ஒட்டிப் பார்த்தேன். காற்றுப் போகவில்லை, ஆனால் துருத்தி மடியவும் இல்லை. மடிப்பு விழ வேண்டிய இடத்தில் உருண்டு நின்றது, சிறு துருத்தியை ஒடுக்கும் வில்லால் அதை மூட முடியவில்லை. துருத்திக்கான துணி என்பது இரண்டு மெல்லிய பருத்தித் துணிகளுக்கு நடுவே ரப்பர் படலம் வைத்து அழுத்தியது. முழுத் தடிப்பும் அரை மில்லிமீட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். உதட்டில் வைத்து உறிஞ்சிப் பார்த்தால் துளிக் காற்றும் வரக் கூடாது. விரலால் மடித்தால் மடித்த இடத்தில் கோடு விழ வேண்டும். அதைத் தருவித்துப் பெற ஐந்து வாரம் ஆனது. அதற்குள் விரிப்பை உரித்து எடுத்தேன். வச்சிரத்தால் ஒட்டியிருந்ததால் கால் மணி நேரத்தில் உரிந்தது.

வச்சிரம் காய்ச்சும் அளவு இது: குறுணை 100 கிராமுக்குத் தண்ணீர் 180 மில்லி. இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறி ஜெல்லி போல் ஆனதும், அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை வரை சூடாக்க வேண்டும். நேரடி அடுப்பு கூடாது. கொதித்தால் பிடிப்பே போய்விடும். பிரஷைத் தூக்கினால் தேன்போல் நூலாக இறங்கி, கடைசியில் சொட்டாக வேண்டும். அதுதான் பதம். ஒட்டுவதற்கு நான் தேர்ந்தது சித்திரை மாத நடுப்பகல். வச்சிரம் ஆறினால் இறுகிவிடும். குளிர்நாடுகளில் பலகையைச் சூடாக்கிவிட்டு ஒட்டுவார்கள். இங்கே அந்த வேலையை வெயில் செய்துகொடுத்தது. மின்விசிறியை மட்டும் நிறுத்தியாக வேண்டும், காற்றுப் பட்டால் பத்து விநாடியில் மேலே ஆடை படிந்துவிடுகிறது. வியர்வையைத் துடைக்கப் பக்கத்தில் ஒருவர் துண்டோடு நின்றால் நல்லது.

ஒட்டும் வரிசைக்குக் காரணம் உண்டு. துணியை மாதிரியைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, மடிப்பைக் காக்கும் அட்டைப் பட்டைகளை உட்பக்கம் முன்கூட்டியே ஒட்டி உலர வைத்திருந்தேன். துருத்தியை முழுதாகத் திறந்த நிலையில் மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்து, கீலுக்கு எதிரே உள்ள அகன்ற வாயின் நடுவிலிருந்து தொடங்கி, இருபுறமும் மூலைகளுக்குப் போய், மூலை திரும்பி, பக்கவாட்டில் ஒடுங்கிக்கொண்டே கீல் வரை சென்றேன். ஒரு சாண் நீளத்துக்கு மேல் பசை தடவக் கூடாது. தடவி, துணியை இழுத்துப் பதித்து, எலும்புச் சீப்பின் முதுகால் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றிவிட்டு அடுத்த சாண். கீல் பக்கத்தின் மேல் தனித்துண்டு. கடைசியாக நான்கு மூலைகளிலும் தோல் ஒட்டு. ஒட்டிய பிறகு முட்டுக்கட்டைகளை எடுத்து, துருத்தியைக் கையால் மெல்ல ஒடுக்கி மடிப்புகளைச் சரியான கோட்டில் விழச் செய்து, மேலே செங்கல் இரண்டு வைத்து ஓர் இரவு விட்டேன். முதல் நாள் விழும் மடிப்பே கடைசிவரை நிற்கும்.

துணி ஒட்டும் முன் செய்து முடித்த இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, தோல் வால்வுகள். பெரிய துருத்திக்கும் சிறியதற்கும் இடையே உள்ள துளைகளை மூடுவது ஒரு தோல் பட்டை. சிறிய துருத்தியிலிருந்து காற்று வெளியேறும் துளைகளை மூடுவது இன்னொன்று. பழையவை விறைத்து ஓலைபோல் சுருண்டிருந்தன. செருப்புத் தைப்பவர்கள் லைனிங் தோல் என்று வாங்கும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டுத்தோலில் புதியவற்றை வெட்டினேன். தோலின் சொரசொரப்பான பக்கம்தான் துளையின் மேல் உட்கார வேண்டும், அந்த இழைகளே இடைவெளியை அடைக்கும். பட்டையின் இரு முனைகளை மட்டும் ஒட்டி, நடுவில் ஒரு தாள் நுழையும் தளர்வு விட வேண்டும். இறுக்கி ஒட்டினால் வால்வு திறக்காது. மிகத் தளர்ந்தால் மிதிக்கும்போதெல்லாம் தவளைபோல் கத்தும். மற்றொன்று, பெரிய துருத்தியின் அசையும் பலகையில் உள்ள பாதுகாப்பு வால்வு. ஆர்வக்கோளாறில் ஒருவர் மிதித்துக்கொண்டே இருந்தால் துருத்தி முழுதும் ஒடுங்கி, எதிர்ப்பலகையில் உள்ள முளை இந்த வால்வைத் தள்ளித் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விடும். துணி கிழியாமல் காப்பது அந்தச் சுண்டுவிரல் நீள முளை.

மிதிகளுக்கு நாடா. அசலில் இருந்தது அழுத்தமாக நெய்த பருத்தி நாடா, ஒன்றரை அங்குல அகலம். அதற்கு ஈடாக எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. நாடாக் கட்டில் பின்னும் நாடாவே போதும். மிதியின் அடியிலிருந்து உருளை மீது ஏறித் துருத்திப் பலகையில் முடியும்படி 22 அங்குலத் துண்டுகள் இரண்டு வெட்டி, முனைகளை மடித்துத் தைத்து, பழைய திருகாணிகளையே முடுக்கினேன்.

மேற்பகுதியை வைக்கும் முன் துருத்தியைத் தனியே சோதிக்க வேண்டும். மேற்பலகையின் திறப்பின் மேல் ஒட்டுப்பலகை ஒன்றைத் தோல் விளிம்போடு இறுக்கி மூடினேன். மிதித்து, விட்டு, பார்த்தேன். 80 விநாடி.

ரீடுப் பலகையின் முறை வந்தது. இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகையில் முன்வரிசை 61, பின்வரிசை 61 என்று குகைகள் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ரீடு செருகப்பட்டிருக்கிறது. ரீடின் பின்முனையில் சிறு பள்ளம் உண்டு. அதில் கொக்கியை மாட்டி நேராக இழுத்தால் வரும். கொக்கியைப் பழைய ஹேக்ஸா பிளேடிலிருந்து நானே அரத்தில் தேய்த்துச் செய்தேன். குறடால் பிடித்து இழுத்தால் பித்தளைச் சட்டம் வளையும், வளைந்த ரீடு பேசாது. எடுத்தவற்றை வைக்க ஒரு தெர்மோகோல் பலகையில் 122 கீறல்கள், 122 எண்கள். மிகத் தாழ்ந்த சுரத்தின் நாக்கு மூன்று அங்குலம் இருந்தது, உச்ச சுரத்தினது அரை அங்குலம்கூட இல்லை. சில நாக்குகளின் நுனி சற்றே முறுக்கியதுபோல் வளைந்திருக்கும். அது கோளாறன்று, தொனிக்காக வேண்டுமென்றே வளைத்தது. நிமிர்த்திவிட்டால் அந்த ஆர்கனின் குரல் போனது.

ஊமைகளில் பெரும்பாலானவை வெறும் தூசியால் வாய் அடைத்தவை. ரிவிட் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, ஒருபோதும் குறுக்கே போகாமல், பல் துலக்கும் மெல்லிய பிரஷால் நான்கு முறை தடவினால் போதும். ஆறாம் கட்டைக்கான ரீடு அதற்கும் அசையவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் இராமபாணப் பூச்சியொன்றின் உலர்ந்த மீசை, அரை அங்குலம் இருக்கும், குறுக்கே கிடந்தது. சிகரெட்டுத் தாள் துண்டை நாக்கின் அடியில் செருகி வெளியே இழுத்ததும் அது தாளோடு வந்தது. ரீடை உதட்டருகே வைத்து உறிஞ்சினேன். பேசியது.

பின்வரிசையில் ஒன்றுக்கு நாக்கே இல்லை. சட்டமும் ரிவிட்டின் எச்சமும் மட்டுமே. இது என் கைக்கு அப்பாற்பட்டது. மதுரையில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதையும் அதன் இருபுறத்து ரீடுகளையும் கொண்டுபோனேன். அவர் மூன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பித்தளைத் தகட்டில் கோடு கிழித்து, வெட்டி, ரிவிட் வைத்து அடித்தார். பிறகு அரம். ஒவ்வொரு நான்கு இழுப்புக்கும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தார். “தம்பி, நாக்கு சட்டத்தைத் தொடவும் கூடாது, விலகி நிக்கவும் கூடாது. இந்தா பாருங்க” என்று நீட்டினார். நாக்கைச் சுற்றி மூன்று பக்கமும் மயிரிழை அகலத்தில் ஒரே சீரான வெளிச்சக் கோடு. ஒன்றே கால் மணி நேரம் எடுத்தது. சுரத்தைச் சற்று உயர்த்தியே வைத்திருப்பதாகவும், குகைக்குள் போனதும் இறங்கும் என்றும் சொன்னார். அப்படியே இறங்கியது.

ரீடுகள் வெளியே இருக்கும்போதே பலகையைக் கவிழ்த்து வால்வுகளைப் பார்க்கலாம். 61 மரப்பட்டைகள், ஒவ்வொன்றும் நாலரை அங்குலம். மேலே ஃபெல்ட்டும் அதன் மேல் தோலும் ஒட்டியவை. ஒரே வால்வு முன் ரீடையும் பின் ரீடையும் சேர்த்து மூடுகிறது. இரண்டில் எது பேச வேண்டும் என்பதை மேலே உள்ள ஸ்டாப்புதான் தீர்மானிக்கும். ஃபெல்ட்டை அந்துப்பூச்சி தின்றிருந்தது. 61க்கும் தனித்தனியே தோல் வெட்டுவது வீண்வேலை. பழையதை ஆவியில் உரித்தபின், பட்டைகளை இடைவெளி விட்டு வரிசையாகத் தோலின் மேல் ஒட்டி, உலர்ந்ததும் கூரிய கத்தியால் நடுவே பிரித்தால் எல்லாம் ஒரே அளவாக வந்துவிடும். பசையை மிக மெல்லியதாகத் தடவ வேண்டும், ஊறி மேலே வந்தால் தோல் கல்லாகிவிடும். வால்வின் வழிகாட்டி முள்களுக்கு எண்ணெய் ஆகாது. பென்சில் கரியைத் தேய்த்தேன். பலகையிலேயே ஒரு நீள வெடிப்பு இருந்தது, மூன்று முனகல்களுக்குக் காரணம் அது. வெடிப்பை அகலப்படுத்தி, அதே போக்கில் இழை ஓடும் மெல்லிய தேவதாரு ஆப்பைப் பசையோடு இறக்கி, மறுநாள் இழைப்புளியால் சமன் செய்தேன்.

ஸ்டாப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டைகளுக்கு மேலே ஒன்பது குமிழ்கள், பீங்கான் முகத்தில் டயாபேசன், மெலோடியா, டல்சியானா, வயோலா, வாக்ஸ் ஹ்யூமானா என்று கம்பீரமான பெயர்கள். உள்ளே இருப்பதோ இரண்டே வரிசை ரீடுகள். டல்சியானா என்பது டயாபேசனை மூடும் அதே மடலைப் பாதி மட்டும் திறப்பது. வாக்ஸ் ஹ்யூமானா ரீடே அன்று. பின்வரிசைக்கு மேல் சுழலும் அட்டை விசிறி. அதைச் சுழற்றுவதும் துருத்தியின் காற்றே. ஒன்பது குமிழ்கள் இருந்தால் ஐந்தைவிட நன்றாக விற்கும் என்று ஆலைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். வியாபாரத் தந்திரம்தான், ஆனால் பாதி திறந்த மடல் தரும் அடங்கிய தொனியைக் கேட்ட பிறகு அதைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மடல்களின் விளிம்புத் தோலை மாற்றி, கம்பிகளைப் படத்தோடு ஒப்பிட்டு மாட்டியதோடு இந்தப் பகுதி முடிந்தது. கட்டைகளின் வெள்ளைத் தகடுகளை ஈரம் பிழிந்த துணியால் துடைத்தேன். எலி தின்ற ஃபெல்ட்டுக்குப் புதிது இட்டேன்.

பூட்டுவது கழற்றியதன் மறுதலை. ஒரே ஓர் எச்சரிக்கை: ரீடுப் பலகைக்கும் துருத்திப் பலகைக்கும் இடையிலுள்ள தோல் விளிம்பைப் புதிதாக இட்டால், பத்துத் திருகாணிகளையும் ஒரே மூச்சில் இறுக்காமல், நடுவிலிருந்து ஓரங்களுக்கு, ஒவ்வொன்றையும் கால் சுற்றாக மூன்று முறை சுற்றி வந்து இறுக்க வேண்டும். தோல் அமர நேரம் கேட்கும். மறுநாள் இன்னொரு கால் சுற்று. பிறகு காற்றுச் சோதனை. 42 விநாடி. துருத்தி மட்டும் தனியே காட்டிய 80இல் பாதி. இருந்தும் 61 வால்வுகளின் கசிவையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல எண். முதல் பக்கத்தில் வட்டமிட்ட 3க்குப் பக்கத்தில் அதை எழுதினேன்.

கடைசி வேலை சுருதி. அவசரப்படக் கூடாத இடம் இது. நம் பாடகர்கள் ஒரு கட்டை, இரண்டரைக் கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி சொல்வது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணித்தான். அந்தக் கணக்கில் ஆறு கட்டைதான் மேற்கத்தியர் எல்லாச் சுரங்களுக்கும் அளவுகோலாகக் கொள்ளும் சுரம். இன்று அது விநாடிக்கு 440 அதிர்வு. 1885இல் வியன்னாவில் கூடிய மாநாடு பரிந்துரைத்தது 435. என் ஆர்கனின் ஆறு கட்டை கைப்பேசியின் சுருதிமானியில் 435க்கும் 436க்கும் இடையில் நின்றது. மற்றவையும் அதையொட்டியே இருந்தன. ஆகவே 440க்கு உயர்த்தும் எண்ணத்தை அங்கேயே விட்டேன். அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு செண்ட். 435க்கும் 440க்கும் இடைவெளி ஏறத்தாழ 20 செண்ட். அதற்காக 122 நாக்குகளையும் சுரண்டுவது கைத்திறன் அன்று, சேதம். கோயில் கீபோர்டோடு இது சேர்ந்து வாசிக்காது; வாசிக்கவும் வேண்டாம்.

தம் அண்டைச் சுரங்களிலிருந்து 10 செண்டுக்கு மேல் விலகியவை ஒன்பது. அவற்றை மட்டுமே திருத்தினேன். நாக்கின் நுனியில் சுரண்டினால் எடை குறைந்து சுரம் ஏறும். அடியில், ரிவிட்டை ஒட்டிச் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுரம் இறங்கும். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய இதழை நாக்கின் அடியில் செருகித் தாங்குகொடுத்து, கூரிய சுரண்டியால் இரண்டே இழுப்பு. உடனே அளக்கக் கூடாது, கைச்சூட்டில் பித்தளை பொய் சொல்லும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ரீடை அதன் சொந்தக் குகையில் முழுதாகச் செருகி, பிறகு அளக்க வேண்டும். முன் ரீடையும் பின் ரீடையும் சேர்த்து ஒலித்தால் காது இன்னும் நுட்பமாகச் சொல்லும்: விநாடிக்கு இரண்டு முறை விம்மினால் இரண்டு அதிர்வு வித்தியாசம்; விம்மல் நீண்டு நீண்டு மறைந்தால் சேர்ந்துவிட்டது. தாழ்சுரம் ஒன்றில் மூன்றாவது இழுப்பும் இழுத்துவிட்டேன். 30 செண்ட் கீழே போயிற்று. நுனியில் சுரண்டி மேலே கொண்டுவர ஒரு மாலை முழுதும் ஆனது.

வைகாசி கடைசியில் பின்பலகையைப் பூட்டினேன். எலி நுழைந்த வழி மிதிகளுக்கு மேலுள்ள திறப்பு. அங்கே கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சிறு திருகாணிகளால் முடுக்கி, உள்ளே அந்துருண்டைப் பொட்டலம் ஒன்றைத் தொங்கவிட்டேன். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் மரம் ஈரம் குடித்து, நடுப்பகுதியில் இரண்டு வெள்ளைக் கட்டைகள் அழுத்தினால் எழவில்லை. கட்டையின் முன்முள் நுழையும் பள்ளத்தின் ஃபெல்ட்டை மழுங்கிய குறடால் இருபுறமும் மெல்ல நெரித்ததும் எழுந்தன. கட்டை எண்களையும் தேதியையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.